எட்டு ஆண்டுகளை யார் கொடுப்பது?

(மருத்துவ மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஒருசேரப் படிப்பது பற்றிப் பேச வேண்டும், மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஊக்கமூட்டுவதில் எனக்குப் பயிற்சி போதாது. நான் உடற்செயலியல் கற்பித்தவன். ஒரு காரியம் எப்படி நடக்கிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் என் பழக்கம். இன்றைக்கும் அதையே செய்கிறேன். இந்தப் படிப்பை நடத்திச் செல்வது மாணவனின் ஆர்வம் என்று பொதுவாக நினைக்கிறோம். அதன் வரலாற்றைப் புரட்டினால் ஆர்வத்துக்குப் பஞ்சம் இருந்த காலமே தெரியவில்லை. பஞ்சமாக இருந்தது, அந்த மாணவனுக்காக வேறொருவர் விலை கொடுத்து வாங்கித் தந்த நேரம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி விவரங்கள்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு படிப்பது எம்.டி. அமெரிக்காவில் எம்.டி. என்பதே முதல் மருத்துவப் பட்டம். நாலாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு அதில் சேர்கிறார்கள். ஆகவே அங்கே ஒருவர் எம்.டி. - பிஎச்.டி. படிக்கிறார் என்றால், நம் கணக்கில் எம்.பி.பி.எஸ். படிப்பின் நடுவே புகுந்து ஒரு பிஎச்.டி.யை முடித்துவிட்டு வெளியே வருகிறார் என்று பொருள். "டாக்டருக்குப் படிக்கிற பையன் எதுக்கு சார் இன்னொரு டாக்டர் பட்டம் வாங்கணும்?" என்று என்னிடம் கேட்ட பெற்றோர் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஓர் உணவு விடுதிக்காரர் மகனின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வைட்டிங் என்று ஒரு சிற்றூர். அல்பேனியாவிலிருந்து குடியேறிய ஒருவர் அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தினார். 1936இல் பிறந்த அவர் மகன் ஃபெரிட் முராத் கடையில் பரிமாறி வளர்ந்தவர். யார் யார் என்ன கேட்டார்கள் என்பதை எழுதிக்கொள்ளாமல் மனத்திலேயே வைத்துக் கணக்குப் போடுவது அவருக்கு ஒரு விளையாட்டு. மருத்துவம் படிக்க ஆசை, பணம் இல்லை. கிளீவ்லாந்து நகரத்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் ஒரு புதுத் திட்டம் வந்திருந்தது. ஏழாண்டுப் படிப்பு, எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்த்து, கல்விக் கட்டணம் கிடையாது, மேற்கொண்டு ஆண்டுக்கு 2,000 டாலர் உதவித்தொகை. 1958இல் சேர்ந்தார். அதே ஆண்டு திருமணம். படித்து முடிப்பதற்குள் குழந்தைகளும் பிறந்துவிட்டன. இரவில் மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். 1965இல் இரண்டு பட்டங்களோடு வெளியே வந்தார்.

அவர் ஆய்வு செய்தது ஏர்ல் சதர்லாந்தின் மருந்தியல் துறையில். ஹார்மோன் செல்லுக்குள் நுழையாமலே உள்ளே வேலையை நடத்திக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்த இடம் அது. பின்னாளில் சதர்லாந்துக்கு அதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது. அங்கே கற்றுக்கொண்ட கேள்வியை முராத் வேறு திசையில் கொண்டுபோனார். நம் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையை நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து நைட்ரோகிளிசரின். நெஞ்சுவலிக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வழங்கி வருகிறது. வேலை செய்கிறது என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும். எப்படி என்பது ஒருவருக்கும் தெரியாது. நூறாண்டுக் காலம் தெரியாமலே எழுதிக் கொடுத்தோம். 1977இல் முராத் காட்டினார்: அந்த மருந்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு பிரிகிறது, அது செல்லுக்குள் ஒரு நொதியைத் தூண்டுகிறது, அதனால் இரத்தக் குழாயின் தசை தளர்கிறது. வாகனப் புகையில் வரும் ஒரு வாயு உடம்புக்குள் சேதி சொல்கிறது என்றால் அன்றைக்கு யார் நம்புவார்கள்? 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ ஆகியோரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டைனமைட்டுக்கு நைட்ரோகிளிசரினைப் பயன்படுத்திப் பொருள் சேர்த்தவர் பெயரால் வழங்கும் பரிசு, நைட்ரோகிளிசரினுக்கே வந்து சேர்ந்தது. கடைசிக் காலத்தில் ஆல்ஃபிரட் நோபலுக்கே மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்பது உபரித் தகவல்.

அந்த 2,000 டாலர் இல்லையென்றால் முராத் என்ன ஆகியிருப்பார்? நல்ல மருத்துவராக ஆகியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கேள்வியோடு உட்கார மட்டும் அவருக்கு நேரம் இருந்திருக்காது.

வெஸ்டர்ன் ரிசர்வ் செய்ததை 1964இல் அமெரிக்க அரசே கையில் எடுத்தது. தேசிய சுகாதார நிறுவனம் - என்.ஐ.எச். என்று நீங்கள் அறிந்தது - மருத்துவ விஞ்ஞானிப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், நியூயார்க், நார்த்வெஸ்டர்ன் ஆகிய மூன்று மருத்துவப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது. இன்று அந்தத் திட்டம் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. அமைப்பு எளிது. முதல் இரண்டு ஆண்டு மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து உடற்கூறியல், நோயியல் எல்லாம் படிக்க வேண்டும். கோடை விடுமுறைகளில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் இருந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மருத்துவப் படிப்பை அப்படியே நிறுத்திவிட்டு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஆய்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வாய்மொழித் தேர்வு முடிந்ததும் வார்டுக்குத் திரும்பி இரண்டாண்டு மருத்துவப் பயிற்சி. எல்லாம் சேர்ந்து சராசரியாக எட்டு ஆண்டு. இவ்வளவு காலமும் பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெறும் எம்.டி. மட்டும் படிப்பவர் பெருங்கடனோடு வெளியே போகிறார்.

இதில் கடினமான இடம் எது என்று கேட்டால் ஆய்வு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வகத்திலிருந்து வார்டுக்குத் திரும்பும் அந்த முதல் மாதம்தான் கடினம். நாலாண்டாகப் பைப்பெட் பிடித்த கை நோயாளியின் மணிக்கட்டில் நாடியைத் தேடுகிறது. ஆய்வகத்தில் அவர் ஒரு புரதத்தைப் பற்றி உலகில் வேறு யாருக்கும் தெரியாததை அறிந்தவர். இங்கே மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, கேட்பது எந்த முணுமுணுப்பு என்று தெரியாமல் விழிக்கிறார். போன வாரம் வரை, நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய வாயைத் திறக்காதே என்பது விதி. இந்த வாரம் காலை ரவுண்ட்ஸில், பாதி தெரிந்த நிலையிலும் உடனே முடிவு சொல் என்பது விதி. இவற்றுக்கு நடுவே, அவரை மதிப்பிட்டுக் குறிப்பு எழுதும் இளநிலை மருத்துவர் யார் என்று பார்த்தால், முதலாண்டில் அவரோடு ஒரே மேஜையில் பிணத்தை அறுத்த வகுப்புத் தோழராக இருப்பார். அவர் ஏறிப் போய்விட்டார், இவர் இப்போதுதான் படியில் கால் வைக்கிறார். இந்தத் தடுமாற்றம் தெரிந்துதான் பல திட்டங்கள் ஆய்வுக் காலத்திலும் அவ்வப்போது ஒரு வெளிநோயாளர் பிரிவுக்கு மாணவர்களை அனுப்பிவைக்கின்றன. கை முழுக்கத் துருப்பிடிக்காமல் இருக்க.

எட்டாண்டோடு முடிந்ததா என்றால் இல்லை. சிறப்புப் பயிற்சி சில ஆண்டு, அதற்கு மேல் உயர்சிறப்புப் பயிற்சி சில ஆண்டு. சொந்த ஆய்வுக்கு முதல் பெரிய நிதி கையில் வரும்போது பெரும்பாலோருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அந்த இடைவெளியில் வரும் என்.ஐ.எச். நிதியுதவி ஒன்றின் நிபந்தனை கவனிக்கத் தக்கது. உழைப்பில் 75 விழுக்காடு ஆய்வுக்கே என்று மருத்துவமனை எழுத்தில் உறுதி தர வேண்டும். ஏன் எழுத்தில்? ஒரு நல்ல மருத்துவர் கண்ணெதிரே இருந்தால் எந்தத் துறைத் தலைவரும் சும்மா விடமாட்டார். "இன்னைக்கு ஒரு நாள் ஓ.பி. பாத்துடுங்க" என்பார். நோயாளி வரிசையில் நிற்கும்போது முடியாது என்று சொல்ல மனசாட்சியும் இடம் தராது. ஒரு நாள் என்பது தினமும் ஆகும். காகிதத்தில் இருக்கும் அந்த 75 மட்டுமே அவருக்குக் காவல்.

இவ்வளவு செய்தும் அமெரிக்காவில் ஆய்வு செய்யும் மருத்துவர்கள் மொத்த மருத்துவர்களில் சுமார் ஒன்றரை விழுக்காடுதான் என்று 2014இல் என்.ஐ.எச். குழு ஒன்று கணக்குச் சொன்னது. 1979இலேயே ஜேம்ஸ் விங்கார்டன், மருத்துவ ஆய்வாளர் என்பது அருகிவரும் உயிரினம் என்று எழுதிவிட்டார். எழுதியவர் பிறகு என்.ஐ.எச். இயக்குநராகவே ஆனார். உயிரினம் இன்னும் அருகிக்கொண்டேதான் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை நானே சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வில் பெரும் பெயர் பெற்ற பலருக்குப் பிஎச்.டி.யே கிடையாதே? உண்மை. மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன், ஹரால்ட் வார்மஸ், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் நால்வரும் நோபல் பெற்றவர்கள், நால்வரும் எம்.டி. மட்டுமே. ஆனால் நால்வரும் 1968இல் ஒரே இடத்துக்கு, என்.ஐ.எச்.சுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அது வியட்நாம் போர்க் காலம். இளம் மருத்துவர்களுக்கும் கட்டாயப் படைச் சேவை உண்டு. பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்து என்.ஐ.எச்.சில் வேலை செய்தால் அதுவும் சேவையாகக் கணக்கில் சேரும். போருக்குப் போகாதவர்கள் என்று அவர்களை 'மஞ்சள் குல்லாய்' என்று கிண்டல் செய்தார்கள். அந்தப் போர் எத்தனையோ பேருடைய காலத்தைத் தின்றது. இந்தச் சிலருக்கு மட்டும் காலத்தைக் கொடுத்துவிட்டது, அதுவும் நோயாளியும் ஆய்வகமும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடத்தில்.

அந்தக் கட்டடத்தில் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் அறிந்த நோயாளிகள் உடன்பிறந்த இரு குழந்தைகள். நமக்கெல்லாம் 200க்குள் இருக்க வேண்டிய இரத்தக் கொழுப்பு அவர்களுக்கு 1,000ஐ நெருங்கியது. பள்ளிக்கூட வயதில் இதயநோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த மரபுக் குறை அது. பிறகு டல்லாஸ் நகருக்குப் போன இருவரும் இத்தகைய நோயாளிகளின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சாதாரணத் தோல் செல்லுக்கு வெளியிலிருந்து கொழுப்பைக் கொடுத்தால் அது தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. நோயாளியின் செல் நிறுத்தவில்லை, கொழுப்பு மிதக்கும் திரவத்திலேயே நின்றுகொண்டு மேலும் கொழுப்பைச் செய்துகொண்டே இருந்தது. ஏன்? வெளியே கொழுப்பு இருக்கிறது என்று அறிந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பி அந்தச் செல்லின் மேற்பரப்பில் இல்லை. இன்று நீரிழிவுக்காரர்கள் வீட்டுக்கு வீடு விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் இந்த ஏற்பியில் இருக்கிறது.

வார்டில் குழந்தையைப் பார்த்தவர்களுக்கே கேள்வி தோன்றும். கண்ணாடித் தட்டில் கேட்கத் தெரிந்தவர்களுக்கே விடை கிடைக்கும். இரண்டும் ஒருவரிடமே இருந்தாக வேண்டுமா, இருவர் கூடிச் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். கூடிச் செய்வதும் நடக்கிறது. ஆனால் கோல்ட்ஸ்டைனே 1986இல் ஒரு தலைமையுரையில் ஒரு புது 'நோயை' வேடிக்கையாக விவரித்தார். படிப்பை முடித்ததும் பளிச்சென்று நாலைந்து கட்டுரை எழுதும் மருத்துவ ஆய்வாளர்கள் சில ஆண்டுகளில் செயலிழந்து நின்றுவிடும் நோய் அது. அவர் கண்ட காரணம், அடிப்படை அறிவியலில் ஆழமான பயிற்சி இல்லாமை. பட்டம் வாங்காதவர் பட்டத்தின் சாரத்தை வலியுறுத்தினார். நம் எம்.டி. மாணவர்கள் எல்லாரும் கட்டாயமாக எழுதும் தீசிஸ் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன் வரிசையில் சிரிப்பது கேட்கிறது.

இனி சென்னைக்கு வருகிறேன். திட்டமோ உதவித்தொகையோ இல்லாத காலத்தில் தனி ஆளாக இந்த இரட்டைப் பாதையில் நடந்தவர் ஒருவர் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் மாணவர். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. உடன்பிறந்தவர்களை ஸ்புரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். 1923இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்து ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். இந்தியச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லை, வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவுக் கடைநிலை ஊழியம். பகலில் சைரஸ் ஃபிஸ்க்கின் உயிர்வேதியியல் ஆய்வகம்.

1925இல் அவர்கள் இருவரும் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறையை உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் நீலநிறம் பார்த்துச் செய்த மாணவர்கள் இங்கேயே இருப்பீர்கள். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று ஏட்டில் எழுதியிருப்பீர்கள், அந்தச் சுப்பாராவ் இவர்தான். 1927இல் பாஸ்போகிரியேட்டின், 1929இல் ஏ.டி.பி. தசை எந்த எரிபொருளில் இயங்குகிறது என்ற நூலில் இரண்டு அதிகாரங்கள். 1930இல் பிஎச்.டி. கிடைத்தது. பத்தாண்டு காத்திருந்தும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கேதான் வார்டின் நினைவும் ஆய்வகத்தின் கையும் ஒன்றுசேர்ந்தன. அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தவர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்து. அதே அமிலத்தின் உருவத்தைச் சற்று மாற்றி அதன் எதிரியையும் செய்தார்கள். அந்த எதிரியை, அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. 1948 ஜூனில் அந்தச் செய்தி அச்சானது. ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்ஸேட்டை மூட்டுவாதக்காரர்கள் இன்று வாரம் ஒரு முறை விழுங்குகிறார்கள். யானைக்கால் ஒழிப்புக்காக நம் தெருக்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவின் தயாரிப்பே.

சுப்பாராவைக் காட்டி, "பார்த்தீர்களா, வசதி இல்லாமலே சாதித்தார்" என்று மாணவர்களுக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கொடுத்த விலையைக் கணக்கில் எடுக்காத பேச்சு அது. மனைவியைப் பிரிந்து போனவர் திரும்பி வரவேயில்லை. அவரைப்போல் புறப்பட்டு, பாதியில் நின்று, பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

உள்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., நுண்ணுயிரியலில் எம்.டி., பிறகு பிஎச்.டி. என்று மூன்றையும் படித்தவர் ககன்தீப் காங். இலண்டன் ராயல் சொசைட்டி 2019இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வேலூரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை அவர் குழு பின்தொடர்ந்தது. வாரத்துக்கு இரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலத்தை எடுத்துச் சோதிப்பார்கள். மூன்றாண்டையும் முழுதாக நிறைவு செய்த குழந்தைகள் 373. மெக்சிகோவில் இதே மாதிரி செய்த ஆய்வில், ரோட்டா வைரஸ் இரு முறை தொற்றிய குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு மறுபடி வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். எங்கோ ஒரு நாட்டுத் தடுப்பூசிக் கணக்கை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது என்று அந்த மலச் சோதனைகள் காட்டின. ரோட்டா வைரஸ் தடுப்பூசி 2016இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இது ஒரு விடுமுறைக் காலத்தில் முடிகிற வேலையா? நோயாளி பார்ப்பது போக மிச்ச நேரத்தில் நடக்கிற வேலையா?

இப்போது மாணவர்களிடம் நேராக. அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நான் சொன்ன அரசுப் பயிற்சி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவரைச் சொந்தப் பணத்தில் ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, மிகச் சில. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அங்கே பிஎச்.டி.க்கு மட்டும் போவது எளிதான வழி. இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., எம்.டி. - பிஎச்.டி. திட்டத்தை ஓரிரு இடங்களில் நடத்தியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 2022இல் இரண்டு தம்பதியர் சேர்ந்து 425 கோடி ரூபாய் நன்கொடை அறிவித்தார்கள். 800 படுக்கை மருத்துவமனையும், அதைச் சார்ந்து மருத்துவரை ஆய்வாளராக்கும் படிப்பும் அங்கே திட்டம். அவ்வளவு தூரம் போகாமல் ருசி பார்க்க விரும்புபவர்களுக்கு, எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே இரண்டு மாதம் ஆய்வு செய்ய ஐ.சி.எம்.ஆர். குறுங்கால உதவித்தொகை 1979இலிருந்து இருக்கிறது. இரண்டு மாதத்தில் ஆராய்ச்சி வராது. ஆராய்ச்சி உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். தோற்ற சோதனையை மறுநாள் காலையில் எரிச்சல் இல்லாமல் திரும்பச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் மேலே யோசிக்கலாம். முடியவில்லை என்றால் அதில் ஒரு குறையும் இல்லை, வார்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது.

அறக்கட்டளை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். மேடையில் வைத்துக் கேட்பது முறையல்ல என்பார்கள், தனியே கேட்டால் மறந்துவிடுவீர்கள். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்த நம் பிள்ளைகள் பலர் அடுத்த ஓராண்டை நீட் முதுநிலைத் தேர்வுக்கான பயிற்சி மையத்தில் கழிக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்கு ஒரே ஒருவரை, ஹவுஸ் சர்ஜனுக்குக் கிடைத்த அதே மாதச் சம்பளத்தைக் கொடுத்து, ஓர் ஆய்வகத்தில் ஓராண்டு உட்கார வையுங்கள். வார்டுக்குக் கூப்பிடக் கூடாது என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டிப் பணம் இரண்டுக்கும் போதாது என்றால் இந்தச் சொற்பொழிவை இரண்டாண்டுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுக்கு இன்று எனக்குக் கொடுத்த உறையைத் திருப்பித் தருகிறேன், அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.